வில்லுக்கு உரிய மரம்

வேடன் ஒருவனின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் பேறு எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. மல்லி என்னும் வேடர்குலத் தலைவிக்கு வில்லி, கண்டன் என இரு மக்கள் இருந்ததும், காட்டிற்குச் சென்ற கண்டன் புலியால் மாண்டதும், அவனைத் தேடி அலைந்து களைத்து உறங்கிய வில்லியின் கனவில் திருமால் தோன்றியதும், பின்னர் அவன் காடு திருத்தி ஊர் கண்டதும் திருவில்லிபுத்தூர்த் தலபுராணம் கூறும் செய்திகள். புராணம் முழுவதையும் வரலாறெனக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வில்லையே பெயராகக் கொண்ட ஒரு குடியின் நினைவு அந்த ஊர்ப்பெயரில் உறைந்து கிடக்கிறது என்பதை மறுப்பதற்கும் இடமில்லை. அதே ஊரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாட்டில், மழைத் தாரையைத் திருமாலின் சார்ங்கம் உதைத்த அம்புகளோடு ஒப்பிட்டுப் பாடினார். சார்ங்கம் என்னும் சொல் கொம்பு எனப் பொருள்படும் சிருங்கத்தின் அடியாகப் பிறந்தது. கொம்பினால் ஆன வில்லைக் குறிப்பது. திருமாலின் வில் எதனால் ஆனது என்பது இவ்வாறு ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. ஊருக்குப் பெயர் தந்த வில்லியின் கையிலிருந்த வில் எந்த மரத்தால் ஆனது என்பதை மட்டும் எவரும் பாடி வைக்கவில்லை.

தமிழ்க் கவிதையில் வில்லுக்குக் குறைவில்லை. இன்றைய கவிதையில் அது பெரும்பாலும் புருவமாகவோ வானவில்லாகவோ வந்து போகிறது. வளைவு எஞ்சியிருக்க, வளைந்த பொருள் மறைந்துவிட்டது. 'சிலை' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியே இதற்குச் சான்று. இன்று அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் கல்லிலோ வெண்கலத்திலோ ஆன உருவமே தோன்றும். பழந்தமிழில் சிலை என்பது வில். அதற்கும் முன்னே அது ஒரு மரம். ஐங்குறுநூற்றில் 'சிலைவில்' என வரும் தொடருக்குச் சிலை என்னும் மரத்தாற் செய்த வில் என்றே உரை காணப்பட்டது. மரத்தின் பெயர் அம்மரத்தாலான கருவிக்கு ஏறி, பின்னர் மரம் மறக்கப்பட்டு, இறுதியில் கருவியும் மறக்கப்பட்டது. சிலை மரம் இன்ன மரம்தான் என்று இன்று அறுதியிட்டுக் காட்டுவார் இலர்.

மண்ணுக்குள்ளிருந்தும் விடை கிடைப்பதாக இல்லை. திருநெல்வேலிக் கடற்கரையின் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர் இருவர் 1956-இல் விரிவாக எழுதினர். அவற்றுள் அம்பு முனையாகப் பயன்பட்டிருக்கக் கூடிய சிறு கற்கூர்களும் உண்டு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்களில் வாளும் வேலும் மட்டுமன்றி அம்பு முனைகளும் இருந்தன. சிவகாசிக்கு அண்மையில், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022-இல் அகழாய்வு தொடங்கியபோது அங்கும் நுண்கற்கருவிகள் வெளிப்பட்டன. கல் எஞ்சியது, இரும்பு துருவேறியேனும் எஞ்சியது. அவற்றைச் செலுத்திய மரத்தையோ கறையான் தின்று தீர்த்தது. ஆல்ப்சு மலைப் பனிப்பாறையில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, 5,300 ஆண்டுகளுக்கு முந்திய மனிதனின் அருகே, யூ மரத்தில் செதுக்கி முடிக்கப்படாத வில் ஒன்று வெட்டுத் தழும்புகளுடன் அப்படியே கிடந்தது. 1545-இல் மூழ்கிய மேரி ரோசு என்னும் ஆங்கிலேயக் கப்பலை 1982-இல் உயர்த்தியபோது சேற்றில் புதைந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் முழுதாகக் கிடைத்தன. பனியும் சேறும் அங்கே செய்த காவலைக் கரிசல் மண் இங்கே செய்யவில்லை. ஆகவே தென்பாண்டி நாட்டின் வில்லைத் தேடுவோர்க்கு எஞ்சியிருப்பவை இரண்டே: சொற்களும், இன்றும் நின்றுகொண்டிருக்கும் மரங்களும்.

சொற்களில் முதலிடம் தொல்காப்பியத்துக்கு உரியது. மரபியலில் அவர் நிலத்து வளர்வனவற்றை இரண்டாகப் பகுக்கிறார். வெளிப்புறம் வயிரம் உடையன புல். உட்புறம் வயிரம் உடையன மரம். புறக்காழ், அகக்காழ் என்னும் இப்பகுப்பின்படி பனையும் மூங்கிலும் தெங்கும் புல்லினம். வேலமும் தேக்கும் வேங்கையும் மரவினம். இலக்கண மாணவர் இதனைச் சொல்வழக்குக்கு உரிய நெறியாகக் கற்றுக் கடந்துவிடுவர். தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரங்களின் இயல்பை அன்றே கண்ட நுட்பம் என்று வியப்பர். இரண்டுக்கும் அப்பால், இது கோடரி பிடித்தவனின் பகுப்பு. ஒரு தண்டை வெட்டிப் பிளந்து, உறுதி எங்கே இருக்கிறது என்று பார்த்தவனுக்கன்றி இந்த வேறுபாடு முதன்மையாகத் தோன்றாது. வில் செய்பவனுக்கோ இதுவே முதற்பாடம்.

வில்லை வளைக்கும்போது அதன் இரு புறங்களும் ஒரே பாடு படுவதில்லை. எய்பவனை நோக்கிய உட்புறம் நெருங்கிக் கசங்கும். அவனுக்கு எதிரான முதுகுப்புறம் இழுபட்டு நீளும். இழுவிசை தாங்காத மரத்தில் முதுகின் நார் தெறித்துப் பிளந்துவிடும். நெருக்கம் தாங்காத மரம் உட்புறம் மடிந்து, விட்டபின் பழைய நிலைக்குத் திரும்பாமல் கூனிப்போகும். கடினமான மரமே நல்ல வில்லாகும் என்பது கருவியை அறியாதார் எண்ணம். வேண்டுவது கடினம் மட்டுமன்று. வளைந்து கொடுத்து, அதைவிட விரைவாக மீளும் தன்மை. யூ மரத்தில் வெளிறு இழுவிசையையும் வைரம் நெருக்கத்தையும் தாங்குவதால், இரண்டும் ஒட்டி நிற்கும் பகுதியையே ஆங்கிலேயர் வில்லுக்கு எடுத்தனர். தமிழகத்துப் புறக்காழினத்தில் இயற்கை வேறொரு வழியை வைத்திருக்கிறது. மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய நார்கள்தாம் அதன் உயிர். அந்தத் தோல் சிதையாமல் முதுகாக அமைய, உட்புறத்தை மட்டும் இழைத்துக் குறைத்தால் வில்லின் பெரும்பகுதி வேலை முடிந்தது. வெளித்தோலைச் சீவி அழகு செய்ய முயன்றவன் வில்லைத் தானே கொன்றவனாவான்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இப்பகுப்பை மேலும் தெளிவாக்குகிறது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்கு அளித்த ஏட்டிலிருந்து, ஷாம சாஸ்திரி 1909-இல் பதிப்பித்த நூல் அது. படைக்கலச் சாலையைப் பற்றிய பகுதியில் விற்கள் நான்கு வகையாகச் சொல்லப்படுகின்றன: தாலம், சாபம், தாரவம், சார்ங்கம். தாலம் பனை, சாபம் மூங்கில் என்பது உரை, தாரவம் மரம், சார்ங்கம் கொம்பு. பனையும் மூங்கிலும் மரத்தோடு சேர்க்கப்படாமல் தனித்தனியே நிற்பதை நோக்க வேண்டும். தொல்காப்பியர் புல் என்றும் மரம் என்றும் பிரித்த அதே கோட்டில்தான் வடமொழி நூலும் பிரிக்கிறது. யார் யாரிடமிருந்து கொண்டனர் என்னும் வழக்கு இங்கே தேவையற்றது. இருவரும் ஒரே தச்சுப்பட்டறையைப் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்வதே போதும். சாபம் என்னும் சொல் சங்கச் செய்யுளிலேயே வில்லின் பெயராக வந்துவிட்டது என்பதும் நினைவிற்குரியது.

அயல்நாட்டார் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. பருத்தியாடை உடுத்த இந்தியர் நாணல் வகை மரத்தாலான வில்லும், இரும்பு முனையுள்ள அம்பும் ஏந்திப் பாரசீகப் படையில் வந்தனர் என்று எரோடோட்டசு எழுதினார். அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசு, இந்தியக் காலாளின் வில் ஆளுயரம் உடையது என்றும், அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாணை இழுப்பர் என்றும், அம்பு மூன்று முழ நீளம் என்றும் கூறியதை ஆரியன் பதிவு செய்தார். கொம்பும் நரம்பும் பசையால் ஒட்டிய குறுவில், வறண்ட வடமேற்கு நாடுகளுக்கும் குதிரை வீரருக்கும் ஏற்றது. ஈரக்காற்றில் அதன் பசை தளரும். ஒரே தண்டில் செய்த நெடிய வில்லுக்கு அந்த அச்சம் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தின் நிலத்தில் இக்கண்ணோடு நடந்தால் புறக்காழினம் எளிதில் அகப்படும். பனை எங்கும் உண்டு. அதன் உள்ளே இருப்பது மென்மையான சோறு. வெளிவட்டத்தில் கருநிற நார்கள் நெருங்கி இறுகி, அடிமரத்தில் இரும்பையொத்து நிற்கும். முதிர முதிர அந்த வட்டம் தடிக்கும். கிளையற்ற மரமாதலால் கணுவும் இல்லை; பத்தடி, பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரே நேர்நாரை வேறெந்தக் கரிசல் மரமும் தருவதில்லை. மேற்கே மலையடிவாரத்துக்குச் சென்றால் கல்மூங்கில் கிடைக்கும்.

அகக்காழினத்தில்தான் இடர்ப்பாடு. சமவெளியில் நிற்பவை முள்மரங்கள்: கருவேல், குடைவேல், விடத்தேரை. கருவேலின் வைரம் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நிகரற்றது. ஆனால் வளைவும் கணுவும் இல்லாத ஆளுயரத் தண்டை அதனிடம் எதிர்பார்ப்பது வீண். விடத்தேரை கைத்தடிக்கும் கருவிப் பிடிக்கும் போதும். வில்லின் நீளத்துக்குப் போதாது. மறவர் சீமைகளில் வளரி பெற்ற சிறப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது ஊகமே. என்றாலும் எளிதில் தள்ளத்தக்க ஊகமன்று. வளரிக்கு வேண்டுவது நேரான தண்டன்று. இயற்கையிலேயே வளைந்த கிளை. நாரோட்டம் வளைவைப் பின்தொடர்ந்தால்தான் எறிந்த வளரி உடையாமல் இருக்கும். முள்மரக்காடு அதைத்தான் தாராளமாக ஈனும். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் நன்றியோடு எழுதினார். சின்ன மருதுவைத் தூக்கிலிட்ட படையில் பணிபுரிந்தவரும் அவரே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகள் இந்தக் குறையை நிறைவு செய்கின்றன. அங்கே சடச்சி என்றும் தடசு என்றும் வழங்கும் மரம் ஒன்று உண்டு. தேக்கின் பெருமை அதற்கு இல்லை. சந்தனத்தின் மணமும் இல்லை. ஆனால் வடமொழி நிகண்டுகள் அதனைத் தன்வனம் என்றும் தனுர்விருட்சம் என்றும் அழைக்கின்றன. வில்மரம் என்பதே பொருள். வெள்ளையர் ஆட்சிக்கால வனத்துறையாரும் அதன் மீள்தன்மையைப் போற்றி வண்டி ஏர்க்காலுக்கும் துடுப்புக்கும் கருவிப் பிடிக்கும் பரிந்துரைத்தனர். தமிழில் தொலைந்த சிலை மரம் இதுதானோ என்று ஐயுறுவதில் தவறில்லை. ஆம் என்று முடிவு கட்டச் சான்று போதாது. சொல் வேறு, மரம் வேறு எனத் தனித்தனியே நிற்கும் இரண்டையும் ஆசையினால் முடிச்சுப் போடுவது வரலாறாகாது.

மரம் மட்டும் வில்லாகிவிடாது. 'வரிவில்' எனப் புலவர் பாடிய அடைக்கு உரைகாரர் கட்டமைந்த வில் என்று பொருள் கூறினர். வரிதல் என்பது கட்டுதல். நாராலும் தோலாலும் இடையிடையே இறுக வரிந்து கட்டினால் தண்டில் தோன்றும் சிறு வெடிப்பு ஓடாமல் நின்றுவிடும். அழகுக்கு இட்ட அடையாக இன்று படிக்கப்படுவது அன்று காப்பாக இருந்தது.

நாணுக்கு வருவோம் எனில், கரிசலின் ஏழ்மையே செல்வமாக மாறுகிறது. மூர்வா, எருக்கு, சணல், மூங்கில், நரம்பு முதலியவற்றை நாணுக்கு உரியனவாக அர்த்தசாத்திரம் எண்ணுகிறது. மூர்வா என்பதைப் பலரும் மரல் என்றே கொள்வர். சத்திரியனின் அரைஞாண் மூர்வா நாரால் ஆன நாணாக இருக்க வேண்டும் என்பது மனுநூல். மரலின் இனத்துக்கு ஆங்கிலேயர் இட்ட வழக்குப் பெயருக்கும் 'வில்நாண் சணல்' என்பதே பொருள். தடித்த மடல்களோடு வறள்காட்டில் மண்டிக் கிடக்கும் இச்செடியைப் பத்துப்பாட்டு மறக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், உட்டுளை உள்ள குமிழங் கொம்பை வளைத்து, மரற்கயிற்றை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்து இசைக்கிறான். புலவர் உருத்திரங்கண்ணனார் அங்கே கொம்பின் பெயரையும் நாரின் பெயரையும் ஒரு தச்சனுக்குரிய தெளிவோடு சொல்லிவிடுகிறார். கொல்லும் வில்லுக்கு எவரும் எழுதிவைக்காத செய்முறை, பாடும் வில்லுக்குக் கிடைத்தது. ஒல்லியான துளைக்கொம்பு அம்பு எய்ய உதவாது, ஓசைக்கு உதவும். மரம் தேர்வதென்பது பயன் தேர்வது என்பதை அந்த ஆயன் அறிந்திருக்கிறான்.

வில் எப்போது வீழ்ந்தது? ஒரு நாளில் அன்று. பாளையக்காரர் போர்களிலேயே நீண்ட ஈட்டியும் திரித் துப்பாக்கியும் முன்னின்றன; வில் வேட்டைக்கும் சடங்குக்கும் ஒதுங்கியிருந்தது. 1801-இல் மருதிருவரும் ஊமைத்துரையும் வீழ்த்தப்பட்ட பின், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிறப்பித்த அறிக்கை பாளையங்களில் படைக்கலம் தாங்குவதைத் தடை செய்தது. துப்பாக்கியைப் பறித்தால் துப்பாக்கி மட்டுமே போகும். எங்கோ ஒரு தொழிற்சாலை அதை மீண்டும் வார்த்துத் தரும். வில்லைப் பறித்தால், எந்த மரத்தை எந்தப் பருவத்தில் எப்புறம் பார்த்து வெட்டுவது என்னும் அறிவும் உடன் போகிறது. அதை எழுதி வைத்தவர் இலர். கை கைக்குச் சொன்னதே அதன் ஏடு. அடுத்து வந்த வனச் சட்டங்கள் மலையடிவாரத்துக் குடிகளின் கோடரியையும் நிறுத்தின. மகர்நோன்பு நாளில் அம்பு எய்யும் சடங்காக மட்டும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் வில் உயிர் பிழைத்தது.

வில்லை வென்றது வெடிமருந்து. அந்த வெடிமருந்தின் பிறங்கடை ஒன்றையே தன் வாழ்வாகக் கொண்டிருக்கும் சிவகாசியில் ஒரு சொல் இன்னும் வில்லை விடாமல் பற்றியிருக்கிறது. 'வாணம்' என்பது 'பாணம்' என்பதன் திரிபு, பாணம் அம்பு. போர்க்களத்தில் எரியைக் கக்கிப் பாய்ந்த எறிபடையையும் பாணம் என்றே அழைத்தனர். ஐதர், திப்பு ஆகியோரின் படைகள் இரும்புக் குழலில் மருந்து கெட்டித்து, நீண்ட மூங்கிற் கழியில் கட்டிச் செலுத்திய பாணங்கள் 1780-இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயரைக் கலங்க வைத்தன. 1799-இல் திருவரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் சில இங்கிலாந்துக்குச் செல்ல, அவற்றைப் பார்த்தே வில்லியம் காங்கிரீவ் தம் ஏவுகணையை வடித்தார். வில்லாக வளைந்த மூங்கில், வாணத்தின் வாலாக நிமிர்ந்தது. தீபாவளி இரவில் புட்டியில் நிறுத்தி விடப்படும் வாணத்தின் குச்சி அந்தக் கழியின் வழித்தோன்றல்.

மரம் தேரும் கண் அதனோடு அழிந்துவிடவில்லை. வேறு தொழிலுக்குப் பெயர்ந்தது. கரிமருந்து என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம் என்பது பழங்கணக்கு. மூன்றில் கரியே மரத்திலிருந்து வருவது. கடின மரத்தின் கரி அதற்கு ஆகாது. விரைந்து பற்றும் மெல்லிய கரி வேண்டும். எருக்கங்கட்டையும் துவரைமாறும் அதற்கு ஏற்றவை எனத் தேர்ந்திருந்தனர். எருக்கின் பட்டைநார் வில்லுக்கு நாணாயிற்று. அதே எருக்கின் கட்டைக்கரி வில்லை ஒழித்த மருந்துக்கு உறுப்பாயிற்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, மறு ஆண்டு சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கியபோதும் மரத்தேர்வு பின்தொடர்ந்தது. குச்சிக்கு வேண்டியது மெழுகைக் குடிக்கும் வெளிறிய மென்மரம்; அது கேரளத்திலிருந்து வந்தது. வில்லுக்குக் குற்றமான மென்மையே குச்சிக்குக் குணமாயிற்று.

இவ்வட்டாரத்தில் இன்றும் கைவேலையாகச் செய்யப்படும் வில் ஒன்றே ஒன்றுதான். அது வில்லுப்பாட்டின் வில். ஏறத்தாழப் பத்தடி நீளம், முதிர்ந்த பனையின் வைரத்தைக் கீறி இழைத்து வளைத்தது, தோலால் முறுக்கிய நாண், வரிசையாகத் தொங்கும் மணிகள், நடுவே குடம். கோயில் கொடைகளில் வீசுகோல் அந்த நாணில் படும்போது எழும் ஒலியால் சாத்தூர் பிச்சைக்குட்டி போன்றோர் பேரவைகளைக் கட்டிப்போட்டனர். மூங்கிலாலும் உலோகத்தாலும் ஆன வில் உண்டாயினும், பனைவில்லின் கனத்த அதிர்வை அவை தருவதில்லை என்பது பாடுவோர் துணிபு. கௌடிலியர் தாலம் என்று முதலில் எண்ணிய வில் இதுவே. எய்வதை விட்டுப் பாட வந்த வில்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. செங்கற்சூளைக்கு விறகாகப் போன பனைகளை நினைத்தால் வேண்டிய அறிவிப்பே. சடச்சி வளரும் மலைச்சரிவு 1988 முதல் சாம்பல்நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் உள்ளது. கண்டனைக் கொன்ற புலியின் மரபு அங்கே காக்கப்படுகிறது, வில்லியின் மரத்தில் ஒரு கோலும் ஒடிக்க இயலாது. நாணுக்கு உரியவற்றுக்கு மட்டும் தடையேதும் இல்லை. சிவகாசியிலிருந்து சாத்தூர் செல்லும் வழியில், பட்டாசுச் சாலைகளின் வேலியோரத்தில், எருக்கு யாரும் வெட்டாமல் பூத்துக் கிடக்கிறது.